இன்குலாப்: அரபில கவிழ்ப்பு, உருதுல புரட்சி, ஒரே சொல் எப்படி ரெண்டாச்சு?

கேட்டது இதுதான்: "இன்குலாப் ஜிந்தாபாத்"ல வர்ற இன்குலாபுக்கு என்ன அர்த்தம், குலாப் ஜாமூன்ல இருக்குற குலாபுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா, அரபு நாட்டுல வேலை பாக்குற ஃப்ரெண்டு ஒருத்தர் "அங்க இதுக்கு ராணுவக் கவிழ்ப்புன்னு அர்த்தம், நம்மாளுங்க தெரியாம கோஷம் போட்டுட்டிருக்காங்க"ன்னு சொல்றாரே அது சரியா. இந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம், ஏன்னா அந்த ஃப்ரெண்டு சொல்றதுல பாதி உண்மை, அந்த பாதி உண்மையை வச்சு அவர் எடுத்த முடிவு முழுத் தப்பு. கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுமையா படிங்க.

முதல்ல குலாபை முடிச்சிடுவோம். அதுக்கும் இதுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல. குலாப்ங்கிறது சுத்தமான பாரசீகச் சொல், குல்னா பூ, அதுலயும் குறிப்பா ரோஜா, ஆப்னா தண்ணி (பஞ்சாப்ல வர்ற அதே ஆப்தான், அஞ்சு ஆறு). அப்போ குலாப்னா ரோஜாத்தண்ணி, நாம கல்யாண வீட்டு வாசல்ல தெளிக்கிற பன்னீர், அது போகப்போக உருதுலயும் ஹிந்திலயும் பூவுக்கே பேராயிடுச்சு. இன்குலாப் அரபுச் சொல். உருதுல எழுதினா இது ரெண்டும் வேற வேற எழுத்து, வேற வேற சத்தம், தமிழ்ல நமக்கு எல்லாத்துக்கும் ஒரே க இருக்கறதால ஒண்ணு மாதிரி தெரியுது, அவ்வளவுதான்.

இப்போ விஷயத்துக்கு வருவோம். அரபு மொழில பெரும்பாலான சொல்லுக்கு மூணு மெய்யெழுத்து வேர் இருக்கும். இன்குலாபோட வேர் க-ல-ப, இதுல வர்ற க நம்ம சாதாரண க இல்ல, அடிநாக்கு தொண்டையைத் தொட்டு வர்ற க. இந்த வேருக்கு அடிப்படை அர்த்தம் புரட்டுறது, திருப்பிப் போடுறது. கலபன்னா "புரட்டினான்". தோசையைப் புரட்டினாலும் அதே வினைதான், புத்தகத்துல பக்கத்தைத் திருப்பினாலும் அதேதான். இந்த வினைக்கு முன்னாடி "இன்" சேர்த்தா இன்கலப, அதுக்கு அர்த்தம் "புரண்டது", "தானே திரும்பிச்சு". அந்த வினையோட பெயர்ச்சொல்தான் இன்கிலாப், தமிழ்ல நாம இன்குலாப்னு எழுதறது.

இதை இங்கிலீஷ் வழியா விளக்கப் போனா சுத்தி வளைக்கணும், தமிழ்ல ரொம்ப ஈஸி, ஏன்னா நமக்கு தன்வினை பிறவினைன்னு இலக்கணத்துலயே இருக்கு. புரட்டினான் – புரண்டது, உடைச்சான் – உடைஞ்சுது, இதே ஜோடி அரபில கலப – இன்கலப, கசர – இன்கசர. அந்த உடையிற வேர்ல இருந்துதான் உருதுல "இன்கிசார்" வருது, அகம்பாவம் உடைஞ்சு போன நிலை, அதாவது பணிவு. ஆனா "இன்"ல ஆரம்பிக்கிற எல்லா உருதுச் சொல்லும் இந்த வகைன்னு நினைச்சுடாதீங்க, இன்சாஃப் (நியாயம்), இன்திஸார் (காத்திருக்கிறது), இன்தகாம் (பழிவாங்குறது) எல்லாம் வேற அச்சு, அதுங்கள்ல வர்ற ன் வேர்லயே இருக்குற எழுத்து, முன்னாடி ஒட்டினது இல்ல. நெட்ல நிறைய பேர் இதை ஒண்ணாப் போட்டுக் குழப்பி எழுதுறாங்க, அதனாலதான் இங்கயே சொல்லிடறேன்.

இந்த வேரோட குடும்பத்தைப் பாத்தாத்தான் சொல்லோட ருசி தெரியும். எல்லாருக்கும் தெரிஞ்ச உறுப்பினர் "கல்ப்", அதாவது இதயம், மனசு. ஒரு இடத்துல நிக்காம புரண்டுக்கிட்டே இருக்கறதாலதான் மனசுக்கு இந்தப் பேருன்னு பழைய அரபு அறிஞர்கள் சொல்லுவாங்க, அதைப் பத்தி ஒரு பழைய ஈரடிப் பாட்டே உண்டு. முஸ்லிம் வீடுகள்ல ஓதுற ஒரு துஆ, அதாவது பிரார்த்தனை, இருக்கு, "யா முகல்லிபல் குலூப்"னு ஆரம்பிக்கும், "உள்ளங்களைப் புரட்டுறவனே, என் உள்ளத்தை உன் மார்க்கத்துல உறுதியா வை"ன்னு கேக்குற துஆ. முகல்லிப்னா புரட்டுறவன், குலூப்னா உள்ளங்கள், ரெண்டும் ஒரே வேர். அந்த வரியோட அழகே அந்த வேர் ரெண்டு தடவை வர்றதுலதான் இருக்கு, தமிழ்ல மொழிபெயர்க்கும்போது அது மட்டும் காணாம போயிடும்.

அடுத்தது மக்லூபா. வளைகுடால வேலை பாத்தவங்க நிறைய பேர் சாப்பிட்டிருப்பீங்க, பாலஸ்தீன், ஜோர்டான், சிரியா பக்கத்துச் சாப்பாடு. பெரிய பாத்திரத்துல அடில கோழியோ ஆட்டுக்கறியோ வச்சு, அதுக்கு மேல பொரிச்ச கத்திரிக்காய், சில வீட்டுல காலிஃப்ளவர், உருளைக்கிழங்கு அடுக்கி, எல்லாத்துக்கும் மேல அரிசி போட்டு வேக வைப்பாங்க. வெந்ததும் ஒரு அகலமான தாம்பாளத்தைப் பாத்திரத்து வாய் மேல கவுத்து, ரெண்டையும் சேத்துப் பிடிச்சு ஒரே திருப்பா திருப்புவாங்க. உடனே தூக்க மாட்டாங்க, பாத்திரத்தோட அடில தட்டி, கொஞ்ச நேரம் விட்டு, மெதுவா நேரா மேல தூக்குவாங்க. அடில இருந்த கறியும் கத்திரிக்காயும் இப்போ மேல, மேல இருந்த அரிசி கீழ, மொத்தமும் கேக் மாதிரி உருக்குலையாம நிக்கும். மக்லூபான்னா "புரட்டப்பட்டது", "கவுத்தது". இன்கிலாப்னா என்னன்னு ஒருத்தருக்குப் புரிய வைக்கணும்னா நான் இந்தச் சாப்பாட்டைத்தான் சொல்லுவேன், ஏன்னா அரசியல் அர்த்தமும் அதுக்குள்ளயே இருக்கு: அடில கிடந்தது மேல வருது.

இன்னொரு சொந்தக்காரர் கொஞ்சம் சங்கடமானவர். பாரசீகத்துலயும் பழைய உருதுலயும் "கல்ப்"னா கள்ளக்காசுன்னும் ஒரு அர்த்தம் உண்டு, கள்ளக்காசு அடிக்கிறவன் "கல்லாப்". துருக்கில இன்னைக்கும் கள்ள நோட்டடிக்கிறவனுக்கு கல்பஸான்னு பேர். புரட்டுங்கிற சொல் தமிழ்ல ஏமாத்துன்னு ஆனது மாதிரியேதான். அரபில இருந்து பாரசீகம் போன வேரும் தமிழ் வேரும் ஒண்ணுக்கொண்ணு தெரியாமலே ஒரே வழில நடந்திருக்குறதை நான் முதல்ல கவனிச்சப்போ ரொம்ப நேரம் அதுலயே இருந்தேன்.

குடும்பத்துல சேராத ஒருத்தரையும் சொல்லிடணும். "ஏக் ஜான் தோ காலிப்"னு உருதுல ஒரு பழமொழி, ரொம்ப நெருங்கின நண்பர்களைச் சொல்றது, ஓருயிர் ஈருடல். அந்த காலிப் பாக்க இந்த வேர் மாதிரியே இருக்கும், எழுத்தும் அதே எழுத்து, ஆனா அது கிரேக்கத்துல செருப்புத் தைக்கிறவங்க வச்சிருக்குற கால் அச்சுக்கான சொல்லுல இருந்து அரபுக்கு வந்ததுன்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. அச்சு, வார்ப்புன்னு அர்த்தம், அங்கருந்து உடம்புன்னு ஆச்சு. உருதுக் கவிஞர் மிர்ஸா காலிபோட காலிப் அது இல்ல, அது வேற எழுத்து வேற வேர், "மேலோங்கினவன்"னு அர்த்தம். தமிழ் எழுத்துல எல்லாம் காலிப்தான்.

சரி, இன்கிலாபுக்குத் திரும்புவோம். இந்தச் சொல்லுக்கு அரசியல் வாசனை வந்தது ரொம்ப லேட்டு. குர்ஆன்ல இந்த வினை பல இடத்துல வருது, ஒரு இடத்துலயும் புரட்சிங்கிற அர்த்தம் இல்ல. 84வது அத்தியாயத்துல நல்லவன் "தன் குடும்பத்தார்கிட்ட சந்தோஷமா திரும்புவான்"னு வர்ற இடத்துல இதே வினைதான், வெறும் திரும்பிப் போறதுன்னு பொருள். 3வது அத்தியாயத்துல 144வது வசனத்துல நபி இறந்துட்டா "நீங்க வந்த வழியே குதிகாலால திரும்பிடுவீங்களா"ன்னு ஒரு கேள்வி வருது, அங்கயும் இதே வினை, ஆனா இந்தத் தடவை கொள்கையை விட்டுத் திரும்புறதுன்னு கெட்ட அர்த்தம். 632ல நபி மறைஞ்சப்போ கலங்கி நின்ன மக்கள் முன்னாடி அபூபக்கர் ஓதிக் காட்டினது இந்த வசனத்தைத்தான். ஆக சொல்லுக்குன்னு தனியா நல்லதும் இல்ல கெட்டதும் இல்ல, எந்தப் பக்கம் திரும்புறோம்ங்கிறதைப் பொறுத்தது.

வானியல்ல இன்கிலாப்னா சூரியன் திரும்புற நாள். ஜூன் 21 வாக்குல வடக்க போன சூரியன் தெற்க திரும்புது பாருங்க, அதுக்கு அரபில இன்கிலாப் ஸைஃபி, கோடைத் திருப்பம், டிசம்பர்ல வர்றது இன்கிலாப் ஷித்தவி, குளிர்காலத் திருப்பம். இன்னைக்கும் அரபு காலண்டர்ல, ஸ்கூல் புத்தகத்துல இதுதான் சொல்லு. இங்கிலீஷ்ல ரெவல்யூஷன்ங்கிறதும் முதல்ல கோள் சுத்துறதுதான், கோப்பர்நிக்கஸோட 1543 புத்தகத்துத் தலைப்புலயே அது இருக்கு. ஹிந்தில புரட்சிக்குச் சொல்ற கிராந்தியும் சமஸ்கிருத வானியல்ல சூரியனோட பாதைக்கான சொல், சங்கராந்திங்கிறதுல நமக்கெல்லாம் தெரிஞ்சதுதான். மூணு மொழிலயும் அரசியல் சொல் வானத்துச் சொல்லோட ஒட்டிக்கிட்டு நிக்குது.

மார்க்கச் சட்டத்துலயும் இந்தச் சொல்லுக்கு ஒரு வேலை இருக்கு. ஷியா சட்ட நூல்கள்ல, அசுத்தமான ஒண்ணு எப்படியெல்லாம் சுத்தமாகும்னு ஒரு பட்டியல் வரும், அதுல ஒண்ணு இன்கிலாப்: திராட்சை மது வினிகரா மாறிட்டா அது சுத்தம், குடிக்கலாம், வித்துக்கலாம். அதே ஜாடி, அதே திரவம், உள்ள குணம் மட்டும் மாறிப்போச்சு, அந்த மாற்றத்துக்குப் பேர் இன்கிலாப். புரட்சிங்கிற அர்த்தத்துக்கு மக்லூபாவை விட இது இன்னும் கிட்டன்னு கூட வாதம் பண்ணலாம்.

இப்போ உருது. உருதுக்கு அரபுச் சொற்கள் பெரும்பாலும் நேரா அரபில இருந்து வரல, பாரசீகம் வழியாத்தான் வந்துச்சு, அதனால பாரசீகத்துல ஒரு சொல்லுக்கு என்ன நிறம் ஏறிச்சோ அதே நிறத்தோடதான் உருதுக்குள்ள நுழையும். இதை மனசுல வச்சுக்கங்க, பின்னாடி முழு விடையும் இதுலதான் இருக்கு. பழைய பாரசீக, உருது கவிதைல இன்கிலாப்னா காலம் போடுற போடு. "இன்கிலாபே ஜமானா"ன்னு ஒரு தொடர், காலத்தோட புரட்டல், நேத்து மாளிகைல இருந்தவன் இன்னைக்குத் தெருவுல, அந்த மாதிரி. 18ம் நூற்றாண்டுல டெல்லி மறுபடி மறுபடி சூறையாடப்பட்டப்போ, அழிஞ்ச ஊருக்காக ஒப்பாரி வைக்கிற "ஷஹர் ஆஷோப்"னு ஒரு கவிதை வகையே உருதுல வளந்துச்சு, மீர், சவுதான்னு பெரிய கவிஞர்கள் எல்லாம் எழுதினாங்க, அந்த மனநிலைல இன்கிலாப்னா பயப்பட வேண்டிய விஷயம், வாழ்கன்னு சொல்ற விஷயம் இல்ல. செய்யறவன்னு யாரும் இல்ல, விதி புரட்டுது, நாம புரள்றோம்.

இந்தச் சொல்லு பயத்துல இருந்து நம்பிக்கைக்கு எப்படி மாறிச்சுங்கிறதுதான் எனக்கு இதுலயே ரொம்பப் பிடிச்ச பகுதி. முதல் திருப்பம் இஸ்தான்புல்லயும் தெஹ்ரான்லயும் நடந்துச்சு. ஐரோப்பால நடக்குற அரசியல் மாற்றத்துக்கெல்லாம் சொல் தேடினப்போ உஸ்மானியத் துருக்கில ரெண்டு சொல் போட்டி போட்டுச்சு. இஹ்திலால்னா கலகம், குழப்பம், இன்கிலாப்னா ஒழுங்கான பெரிய மாற்றம். 1908ல இளம் துருக்கியர்கள் சுல்தானை மறுபடி அரசியல் சட்டத்துக்குக் கட்டுப்பட வச்சப்போ அதை இன்கிலாப்னுதான் கொண்டாடினாங்க. பின்னாடி துருக்கிக் குடியரசை நிறுவின அத்தாதுர்க் செஞ்ச சீர்திருத்தமெல்லாம், எழுத்தை மாத்தினது உட்பட, துருக்கில இன்னைக்கும் இன்கிலாப்தான், பள்ளிக்கூடத்துல "இன்கிலாப் வரலாறு"ன்னு தனிப் பாடமே இருக்கு. ஈரான்ல 1906 அரசியல் சட்டப் புரட்சிக்கு இன்கிலாபே மஷ்ரூத்தா, 1963ல மன்னர் ஷா தானே அறிவிச்ச நிலச் சீர்திருத்தத்துக்கு இன்கிலாபே ஸெஃபீத், அதாவது வெள்ளைப் புரட்சி, 1979ல அந்த ஷாவையே துரத்தினதுக்கும் இன்கிலாபே இஸ்லாமி. தெஹ்ரான்ல நடு ஊர்ல போற பெரிய ரோட்டுக்கும் சதுக்கத்துக்கும் இப்போ இன்கிலாப்னுதான் பேர், அந்த ரோடு முன்னாடி ஷா ரேஸா தெருவா இருந்துச்சு.

ராணுவக் கவிழ்ப்புக்கு ஈரான்ல என்ன சொல்லுவாங்க தெரியுமா? கூதெதா. பிரெஞ்சு சொல்லை அப்படியே எடுத்துக்கிட்டாங்க. 1953ல பிரதமர் மொசாதெக்கை வீழ்த்தினது கூதெதா, அதை எந்த ஈரானியரும் இன்கிலாப்னு சொல்ல மாட்டார். துருக்கில கவிழ்ப்புக்கு தர்பெ, "அடி"ன்னு அர்த்தம், அதுவும் அரபு வேர்தான். இந்த ரெண்டு மொழிலயும் இன்கிலாப் ஒரு பக்கம், கவிழ்ப்பு வேற பக்கம், குழப்பமே இல்ல.

இந்தியாவுக்கு வந்தா, 1857க்கு உருதுல வச்ச பேர் "கதர்". அதுவும் அரபு, துரோகம்னு அர்த்தம், ஆட்சி பண்றவன் பார்வைல வச்ச பேரு. 1913ல அமெரிக்கால இருந்த பஞ்சாபிகள் கட்சி ஆரம்பிச்சப்போ அந்தத் திட்டுச் சொல்லையே எடுத்து, தங்களோட பத்திரிகைக்கு கதர்னு பேரா வச்சுக்கிட்டாங்க, கட்சியும் கதர் கட்சின்னே ஆச்சு. ஆனா கோஷமா போடறதுக்கு நேர்மறையா ஒரு சொல் தேவைப்பட்டுச்சு, அதைக் கொடுத்தவரா எல்லாரும் சொல்றது மௌலானா ஹஸ்ரத் மோஹானியை.

இவரைப் பத்தி நம்ம பக்கம் நிறைய பேருக்குத் தெரியாது, தெரியணும். உன்னாவ் ஜில்லால மோஹான்ங்கிற ஊர்க்காரர், இயற்பெயர் சையத் ஃபஸ்லுல் ஹசன், அலிகர்ல படிச்சவர், உருதுஎ முஅல்லான்னு பத்திரிகை நடத்தி 1908லயே ஜெயிலுக்குப் போனவர். 1921 டிசம்பர்ல அகமதாபாத் காங்கிரஸ்ல, சுயராஜ்யம்னா பிரிட்டிஷோட ஒட்டோ உறவோ இல்லாத முழு விடுதலைன்னு தீர்மானம் கொண்டு வந்தார், காந்தி எதிர்த்தார், தோத்துப்போச்சு. அதே முழு விடுதலைத் தீர்மானத்தை காங்கிரஸ் எட்டு வருஷம் கழிச்சு 1929 டிசம்பர்ல லாகூர்ல நிறைவேத்துச்சு. 1925ல கான்பூர்ல நடந்த முதல் கம்யூனிஸ்ட் மாநாட்டுக்கு வரவேற்புக் குழுத் தலைவரும் இவர்தான். வருஷா வருஷம் ஹஜ்ஜுக்கு ஆசைப்பட்ட மனுஷர், கிருஷ்ணர் மேலயும் பக்தியா கவிதை எழுதினவர், அரசியல் நிர்ணய சபைல உறுப்பினர், 1951 மே மாசம் லக்னோல இறந்தார். குலாம் அலி பாடி எல்லார் காதுலயும் இருக்குற "சுப்கே சுப்கே ராத் தின்" கஜல் இவர் எழுதினது.

ஹஸ்ரத் மோஹானி கஜல் கவிஞர்ங்கிறதை மறந்துடாதீங்க. அவருக்கு இன்கிலாபே ஜமானா தெரியும், காலம் புரட்டிப் போடறதுக்காக அழுத நூறு வருஷத்துக் கவிதை தெரியும். அந்தச் சொல்லு பக்கத்துல "ஜிந்தாபாத்" வைக்கிறார். ஜிந்தா பாரசீகம், உயிரோட இருக்கறது, பாத்னா "இருக்கட்டும்". அரபுச் சொல்லும் பாரசீக வாழ்த்தும் ஒட்டி உருதுல ஒரு முழக்கம். விதி நம்மைப் புரட்டுறதுக்குப் பயந்த சொல்லு, நாங்க புரட்டுவோம், அந்தப் புரட்டல் வாழட்டும்னு ஆயிடுச்சு. அதை எந்த அகராதியும் செய்யல, ஒரு கவிஞரும் அப்புறம் கூட்டமும் செஞ்சாங்க.

கூட்டம் வாய்க்கு அதைக் கொண்டு போனது பகத்சிங். 1929 ஏப்ரல் 8, டெல்லி மத்திய சட்டசபை, பகத்சிங்கும் படுகேஷ்வர் தத்தும் ஆளில்லாத இடமா பாத்து குண்டு வீசிட்டு, துண்டுப் பிரசுரத்தை வீசிட்டு, ஓடாம அங்கயே நின்னு போட்ட கோஷம் இன்குலாப் ஜிந்தாபாத். பகத்சிங் உருது படிச்சவர், உருதுல எழுதினவர், தூக்குக்கு முன்னாடி தம்பிக்கு எழுதின கடைசிக் கடிதத்துலயும் உருதுக் கவிதை வரிகள் இருக்கு. அவருக்கு இது எங்கயோ கேட்டு வாங்கின சொல் இல்ல.

இப்போ நீங்க கேட்ட கேள்வியை அப்பவே ஒருத்தர் வேற மாதிரி கேட்டார். மாடர்ன் ரிவ்யூ பத்திரிகை ஆசிரியர் ராமானந்த சட்டர்ஜி, பெரிய மனுஷர், கல்கத்தாக்காரர். "புரட்சி நீடூழி வாழ்கன்னா என்ன அர்த்தம், எப்பவும் கலவரமாவே இருக்கணுமா"ன்னு அந்தக் கோஷத்தைக் கேலி பண்ணி எழுதினார். ஜெயில்ல இருந்தபடியே பகத்சிங்கும் தத்தும் பதில் எழுதினாங்க, 1929 டிசம்பர் 24 ட்ரிப்யூன் பத்திரிகைல வந்துச்சு. அவங்க சொன்னதோட சாரம் இது: ஒரு கோஷத்தை வார்த்தைக்கு வார்த்தை அகராதி பாத்துப் படிக்கக் கூடாது, இந்தக் கோஷத்துக்குன்னு ஒரு வரலாறு ஒரு அர்த்தம் சேந்திருக்கு. ஜதின் தாஸ் வாழ்கன்னு நாங்க சொன்னா அவர் உடம்பு வாழணும்னு இல்ல, அவரோட தியாக உணர்வு வாழணும்னுதானே. (ஜதின் தாஸ் அந்த செப்டம்பர்லதான் லாகூர் ஜெயில்ல 63 நாள் உண்ணாவிரதம் இருந்து செத்திருந்தார்.) அதே மாதிரி இன்கிலாப்னா ரத்தக்களரின்னு அவசியம் இல்ல, நல்லபடியா மாறணும்ங்கிற ஏக்கம், அது தேங்கிப் போகாம இருக்கணும். 22 வயசுப் பையன் ஒரு சொல்லுக்கு இப்படி விளக்கம் எழுதிட்டு 1931 மார்ச் 23 தூக்குக்குப் போறான், அந்தச் சொல்லையே சொல்லிட்டு.

இப்போ அரபு. அங்கயும் முதல்ல இன்கிலாப் நல்ல சொல்லாத்தான் இருந்துச்சு, 1908 துருக்கி மாற்றத்தை அரபு எழுத்தாளர்களும் இன்கிலாப்னுதான் எழுதினாங்க, 1947ல சிரியால ஆரம்பிச்ச பாத் கட்சி தன்னோட சட்டதிட்டத்துல "நாங்க இன்கிலாபி கட்சி"ன்னு பெருமையா எழுதிச்சு. ஆனா பக்கத்துலயே இன்னொரு சொல் வளந்துக்கிட்டிருந்துச்சு, "தவ்ரா", கொதிச்சு எழுறதுங்கிற வேர்ல வர்றது, 1919ல எகிப்து மக்கள் பிரிட்டிஷை எதிர்த்து எழுந்தது தவ்ரா. இன்னொரு பக்கம் 1936ல ஈராக்ல தளபதி பக்ர் ஸித்கி ராணுவத்தை வச்சு அரசைக் கவுத்தார், 1949ல சிரியால ஒரே வருஷத்துல மூணு கவிழ்ப்பு, இதுக்கெல்லாம் பேர் இன்கிலாப்னு விழுந்துச்சு. மொழியும் அதுக்கு வசதி பண்ணிக் கொடுத்துச்சு, அரபில "இன்கலப அலா"ன்னா ஒருத்தருக்கு எதிரா திரும்பினான், காலை வாரினான்னு அர்த்தம், கூட இருந்த தளபதியே எஜமானுக்கு எதிரா திரும்புறதுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. இப்படியே மக்கள் எழுந்தா தவ்ரா, ராணுவம் கவுத்தா இன்கிலாப்னு ரெண்டும் பிரிஞ்சிடுச்சு.

அந்தப் பிரிவு எவ்வளவு கூர்மைன்னா, 2013ல எகிப்துல அதிபர் மோர்ஸியை ராணுவம் இறக்கினப்போ ராணுவத்தை ஆதரிச்சவங்க அதை தவ்ரான்னாங்க, எதிர்த்தவங்க இன்கிலாப்னாங்க, ஒருத்தர் எந்தச் சொல்லைப் பயன்படுத்துறார்னு பாத்தே அவர் எந்தப் பக்கம்னு தெரிஞ்சிடும். 1979 ஈரான் புரட்சி ஈரானியர்களுக்கு இன்கிலாப், அதையே அரபுச் செய்தில படிச்சா தவ்ரா. அதோட, அரபுப் பேப்பர்ல "இன்கிலாப்"னு தலைப்பு பாத்தா உடனே அரசியல்னு முடிவு பண்ணாதீங்க, ஹைவேல வண்டி கவுந்த ஆக்ஸிடெண்ட்டுக்கும் அதே சொல்தான்.

அதனால உங்க ஃப்ரெண்டுக்குச் சொல்லுங்க: இன்னைக்கு அரபில இன்கிலாப்னா கவிழ்ப்புங்கிறது சரி. ஆனா இன்குலாப் ஜிந்தாபாத் அரபு வாக்கியமே இல்ல, ஜிந்தாபாத்ங்கிற சொல்லே அரபில கிடையாது. அது உருது. உருதுக்கு அந்தச் சொல் பாரசீகம் வழியா வந்து, இங்க வேர் விட்டு, 1920கள்லயே புரட்சின்னு உறுதியாயிடுச்சு, அரபில கவிழ்ப்புங்கிற அர்த்தம் இறுகினதே அதுக்கப்புறம்தான். பின்னாடி வந்த அர்த்தத்தை வச்சு முன்னாடி போட்ட கோஷத்தைத் தப்புன்னு சொல்றது எப்படிச் சரியாகும்? கடன் வாங்கின சொல்லுக்கு, அது பிறந்த மொழிதான் என்னைக்கும் எஜமான்னு ஒரு எண்ணம் நிறைய பேர்கிட்ட இருக்கு, உருது பேசுறவங்ககிட்டயே இருக்கு, அரபு தெரிஞ்சவர் வந்து திருத்தினா தலையாட்டிடுவாங்க. எனக்கு அதுல உடன்பாடே இல்ல. பஞ்சாப்லயும் கான்பூர்லயும் அந்தச் சொல்லுக்காக அடி வாங்கினவங்கதான் அதோட அர்த்தத்தை எழுதினவங்க. உருதுல இன்னைக்குப் பசுமைப் புரட்சி ஸப்ஸ் இன்கிலாப், தொழிற்புரட்சி ஸன்அத்தி இன்கிலாப், புரட்சிக்காரன் இன்கிலாபி, இதுல எதுலயும் ராணுவ டாங்கி இல்ல.

தமிழ்ல நாம புரட்சின்னு சொல்றோமே, அதுவும் புரள், புரட்டுங்கிற அதே படம்தான். மலையாளத்துலயும் தெலுங்குலயும் விப்லவம், அது வெள்ளம் பொங்கி வர்ற படம், ஹிந்தி கிராந்தி அடியெடுத்து வைக்கிற படம். தெரிஞ்சு செஞ்சாங்களோ தெரியாம செஞ்சாங்களோ, இன்கிலாபுக்கு இவ்வளவு கச்சிதமா பொருந்துற சொல் பக்கத்து மொழிகள்ல எதுலயும் இல்லாம தமிழ்ல இருக்கு. தொழிற்சங்க ஊர்வலத்துல "இன்குலாப் ஜிந்தாபாத்"னு ஒரு வரி, அடுத்து "புரட்சி ஓங்குக"ன்னு ஒரு வரி போவாங்க பாருங்க, அது கிட்டத்தட்ட வேருக்கு வேர் சரியா வர்ற மொழிபெயர்ப்பு.

கடைசியா உச்சரிப்பு பத்தியும் சொல்லிடறேன். உருதுல இன்-கி-லாப், கு இல்ல கி. தமிழ்ல கு எப்படி வந்துச்சுன்னா, இங்கிலீஷ்ல க்யூ எழுத்துக்குப் பின்னாடி யு போடற பழக்கத்துல எழுதினதைப் பாத்து நாம வாசிச்சதுனாலதான்னு எனக்குத் தோணுது. அந்த அடித்தொண்டை க எல்லா ஊர்லயும் ஒழுங்கா வர்றதும் இல்ல. ஈரானியர் அதை கரகரன்னு "எங்கெலாப்"னு இழுப்பாங்க, பஞ்சாபிக்கு சாதா க, ஹைதராபாத் தக்னிலயும் நம்ம ஆம்பூர் வாணியம்பாடிப் பக்கத்து உருதுலயும் அது காறுற ஹ மாதிரி ஆயிடும், பாலஸ்தீனத்து நகர்ப் பேச்சுல மொத்தமா விழுங்கி மக்லூபாவையே "மஃலூபே" மாதிரி ஆக்கிடுவாங்க. அதனால தமிழ்ல இன்குலாப்னு எழுதறதை யாரும் தப்புன்னு திருத்தினா கண்டுக்காதீங்க. கீழக்கரைல சாகுல் ஹமீதா 1944ல பிறந்து, சென்னை நியூ காலேஜ்ல தமிழ் சொல்லிக்கொடுத்து, "மனுசங்கடா நாங்க மனுசங்கடா" எழுதின கவிஞர் தனக்குப் புனைபெயரா வச்சுக்கிட்டது இன்குலாப்ங்கிற இந்த எழுத்துலதான், கு போட்டுத்தான், தமிழ்ல அந்த எழுத்துக்கூட்டல் நிலைச்சிடுச்சு. உருது வாசிக்கும்போது மட்டும் கின்னு வாசிங்க.